ராத்தாவின் விரலில் ஓடியது

இறைச்சிக் கடைக்குள் முதன்முதலாக நான் கால் வைத்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. உடுப்பிட்டியில் முட்டைகூடப் படலையைத் தாண்டி உள்ளே வராத வீட்டில் பிறந்தவள். கையில் மூன்று ஜாம் போத்தல்கள். மூன்றிலும் பாதியளவு, சதை அழுகாமல் வைக்கும் ஃபோர்மலின். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

அங்கே போக வேண்டி வந்ததற்குக் காரணம் ஓர் அலுமாரி. மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பழகும் ஆய்வுகூடம் ஒன்றில் நான் வேலை செய்தேன். உடம்பின் உறுப்புகளை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்தக் கண்ணாடித் துண்டுகளைச் சிலைட் என்போம். தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. மின்சாரம் நின்றது. கோட்டைப் பக்கம் குண்டு விழுந்த ஒரு மத்தியானம் எங்கள் கட்டடம் குலுங்கி, சிலைட் அலுமாரி முகங்குப்புற விழுந்தது. மற்றப் பெட்டிகளில் அரைவாசியாவது மிஞ்சியது. இரத்தக் குழாய்களுக்கான பெட்டி மட்டும் முழுதாக நொறுங்கிப் போயிற்று. நான் வேலைக்குச் சேர முன்னரே வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி அது. அதை விளக்குமாற்றால் கூட்டி அள்ளினேன். குப்பைத் தட்டில் ரோசாவும் ஊதாவுமாகக் கண்ணாடித் தூள் மினுங்கியது.

விரிவுரையாளர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தத் தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இனி கடல் தாண்டி ஒண்டும் வராது. ஆட்டிலை செய்வம். குழாய்ச் சுவரிலை ஆட்டுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீர் ஒருக்கால் இறைச்சிக் கடையிலை போய்க் கேட்டுப் பாரும்."

"நானோ டொக்ரர்?"

"பின்னை நானோ?"

முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவில் மாட்டிறைச்சிக் கடைகளைக் கடந்து கடைசியில் இருந்தது அந்தச் சின்னக் கடை. ஆட்டிறைச்சி மட்டும். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதற்குப் பதிலாக நூல் கட்டியிருந்தார். முஸ்லிம் பெரியவர்களை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"என்ன தங்கச்சி, எவ்வளவு போடுறது?"

"இறைச்சி இல்லை நானா. குழாய் வேணும்."

"குழாயோ?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் சொன்னேன். "இதயத்திலை இருந்து வெளிக்கிடுற பெரிய நாடி. இதயத்துக்குத் திரும்பி வாற பெரிய நாளம். ஈரல் ஒரு சின்னத் துண்டு, சிறுநீரகம் ஒண்டு, தொடை இறைச்சி விரல் நுனியளவு. அறுத்த உடனை வேணும். ஆற விடக் கூடாது."

"கறிக்கோ?"

"பாக்கிறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. கத்தியை மரக்குற்றியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "என்னத்தைப் பாக்கிறது?" என்று கேட்டார். பிள்ளைகள் படிக்க வேண்டும், சிலைட் எல்லாம் உடைந்துபோயிற்று என்று சொன்னேன். பிறகு என்னைப் பின்பக்கம் வரச் சொன்னார். அன்றைய ஆட்டின் இதயம் ஓர் எனாமல் கோப்பையில் இன்னும் சூட்டோடு கிடந்தது. சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஆனால் அவர் செய்து காட்டியதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பு மூக்கிலிருந்து தானாகவே இறங்கிவிட்டது.

இதயத்திலிருந்து புறப்படும் நாடியைக் குறுக்கே ஒரே வெட்டு. வெட்டிய இடம் வட்டமாக, வாயைத் திறந்தபடி நின்றது. பக்கத்தில் நாளத்தை வெட்டினார். அது ஈரத் துணி மாதிரிச் சப்பையாக விழுந்தது.

"பாத்தீங்களோ? இது படுக்கும். இது படுக்காது. செத்த பிறகும் படுக்காது." நாடியிலிருந்து ஒரு வளையத்தைச் சீவி எடுத்து, இரண்டு விரல்களில் மாட்டி இழுத்தார். நீண்டது. விட்டார். டக்கென்று பழைய வட்டத்துக்கு வந்தது. "முப்பது வருசமா வெட்டுறன் தங்கச்சி. இது ஏன் இப்பிடி நிக்குது எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை."

பிறகு கழுத்திலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு செம்பால் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மற்ற முனையால் ஓடியது. தலைகீழாகத் திருப்பி ஊற்றினார். ஒரு சொட்டும் போகவில்லை. குழாய் நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது.

"உள்ளுக்குக் கதவிருக்கு. ஒரு பக்கம்தான் திறக்கும்."

அந்தக் கதவைப் பற்றிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். படம் கீறி அம்புக்குறி போட்டிருக்கிறேன். அதுவரை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. அவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை நான் காட்டுறன் நானா" என்று மட்டும் சொன்னேன். போத்தல்களைச் சைக்கிள் கூடையில் வைத்து, வெட்டிய துண்டுகள் குலுங்கக் குலுங்க ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துண்டுகளை மெழுகில் பதிக்க வேண்டுமென்றால் மெழுகு அளவான சூட்டில் உருகியபடி மணிக்கணக்காக இருக்க வேண்டும். மின்சாரம் இருந்த காலத்தில் அதற்கென்று ஓர் அடுப்பு இருந்தது. இப்போது ஒரு பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் மெழுகுக் கிண்ணங்களை வைத்து, கீழே அரிக்கன் லாம்பைக் கொளுத்தி, வெப்பமானியைச் செருகிவிட்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு முக்காலியில் குந்தியிருந்தேன். சூடு ஏறினால் திரியை இறக்குவேன், இறங்கினால் ஏற்றுவேன். முதல் இரண்டு தடவையும் பிழையாகிப் போயிற்று. ஒரு தடவை துண்டுகள் வெந்து சுருங்கின. மற்றத் தடவை மெழுகு உள்ளே இறங்காமல், சீவும்போது ஓட்டை விழுந்தது. இரண்டு தடவையும் போத்தல்களோடு திரும்பவும் கடைக்குப் போனேன். நானா ஒன்றும் கேட்காமல் வெட்டித் தந்தார். மூன்றாம் தடவை, "நீங்களும் என்னைப் போலைதான். கை பழக ஆடு செலவாகும்" என்றார்.

மூன்றாவது தடவை சரிவந்தது. சீவும் இயந்திரம் கையால் சுற்றுவது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு சீவல். ஒரு மில்லிமீற்றரை இருநூறாகப் பிரித்தால் வரும் தடிப்பு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி வந்தன. அதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் முட்டை வெள்ளை தடவிய கண்ணாடியால் ஏந்தி எடுத்தேன். சுவரில் இழுபட்டுச் சுருங்கும் மீள்நார்களை மட்டும் கறுப்பாக்கும் ஒரு சாயம் போத்தலின் அடியில் கொஞ்சம் இருந்தது. அதைப் பெரிய நாடிக்கு என்று ஒதுக்கினேன்.

சன்னலோரம் நுணுக்குக்காட்டியை வைத்து, அதன் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிக் குனிந்து பார்த்தேன். அலை. அலைக்கு மேல் அலை. கறுத்த கோடுகள் நெளிந்து நெளிந்து, ஒன்றின் பின் ஒன்றாக அந்தச் சுவர் முழுவதும் நின்றன. நாற்பது வரை எண்ணி விட்டுவிட்டேன். ஒவ்வொரு கோடும் உண்மையில் குழாயைச் சுற்றிப் போகும் ஒரு மெல்லிய மீள் தகடு. தகடுகளுக்கு இடையிடையே தசையின் உயிரணுக்கள், எங்கள் பேச்சில் கலங்கள், படுத்திருந்தன. இதயம் ஒவ்வொரு தரம் தள்ளும்போதும் அத்தனை தகடுகளும் விரிந்து கொடுத்து, பிறகு சுருங்கி, வாங்கிய தள்ளை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. இதயம் ஓயும் கணத்திலும் இரத்தம் ஓயாமல் இருப்பது இந்தச் சுவரால்தான். நானா விரலில் இழுத்துவிட்ட வளையத்துக்குள் இருந்தது இதுதான்.

உட்பக்கத்தைப் பார்த்தேன். இரத்தம் தொட்டுக்கொண்டு ஓடும் பக்கத்தில் ஒரே ஒரு வரிசைக் கலங்கள், தட்டையாக. ஒரு கலத்தின் தடிப்புத்தான் அந்தப் படை. வெளிப்பக்கத்தில் முரட்டு நார்கள். அந்த நார்களுக்குள் இன்னும் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தன. முதலில் விளங்கவில்லை. விரிவுரையாளரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "அது குழாயின்ரை குழாய்" என்றார்.

"எப்பிடி?"

"பெரிய நாடியின்ரை சுவர் தடிப்பெல்லோ. உள்ளுக்கு ஓடுற ரத்தம் வெளிப்பக்கக் கலங்களுக்கு எட்டாது. அதுக்குச் சாப்பாடு குடுக்க வேறை சின்னக் குழாய்கள் சுவருக்குள்ளை வருது."

உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டு போகிற குழாய், தனக்கென்று வரும்போது இன்னொரு குழாயிடம் கை நீட்டி நிற்கிறது. எட்டு வருடமாக இந்த வேலை. பெட்டியில் வந்த சிலைட்டுகளைத் துடைத்து அடுக்கியிருக்கிறேனே ஒழிய, இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்று மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

மற்றச் சிலைட்டுகளும் ஒவ்வொன்றாக வந்தன. தொடை இறைச்சியில் நார்களுக்கு இடையில் ஊசிமுனையைவிடச் சிறிய வளையங்கள். அவைதான் மயிர்த்துளைக்குழாய்கள். பெயர்தான் மயிர். தலைமயிரை அவற்றின் பக்கத்தில் வைத்தால் தென்னங்குற்றி மாதிரி இருக்கும். பல இடங்களில் ஒரே ஒரு கலம் தன்னைத்தானே சுருட்டி, விளிம்போடு விளிம்பு ஒட்டிக் குழாயாக நின்றது. சிவப்பணு ஒன்று அதற்குள் நெளிந்துதான் நுழைந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று போக இடமில்லை. அவ்வளவு பெரிய நாடி, அத்தனை தகடு, அத்தனை தசை எல்லாம் இந்த ஒற்றைக் கலச் சுவருக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கத்தான். பெரிய நாடி தன் சுவருக்கு வெளியே ஒரு கலத்துக்கும் சோறு போடுவதில்லை. சோறு போடுவது இது.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நானாவைக் கூப்பிட்டேன். ஜும்மாத் தொழுகை முடிந்து வந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், தலையில் வெள்ளைத் தொப்பி. கடையில் பார்த்த ஆள்தானா என்று இருந்தது. பின்னால் அவருடைய மனைவி. முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு, வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். நான் "உள்ளை வாங்கோ ராத்தா" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

முதலில் பெரிய நாடியின் சிலைட்டை வைத்தேன். நானா தன் நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றி ராத்தாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். எழும்பவே இல்லை.

"இது நான் வெட்டின ஆடோ?"

"ஓம் நானா. உங்கடை ஆடுதான். கறுப்பாய் நெளியிறதுதான் நீங்கள் கேட்டதுக்குப் பதில். அது அத்தினையும் இழுபட்டுச் சுருங்கும். அதாலைதான் வாய் படுக்கேல்லை."

"சுப்ஹானல்லாஹ்" என்றார் மெல்லிய குரலில். அதற்குப் பிறகு சிலைட்டை மாற்ற விடவில்லை. கையைப் பிடித்துத் தடுத்தார். நான் காத்திருந்தேன்.

ஈரலின் சிலைட்டைக் காட்டும்போது எல்லா மயிர்த்துளைக்குழாய்க்கும் ஒரே சுவர் இல்லை என்று சொன்னேன். அதன் உண்மையான வித்தியாசம் இந்த நுணுக்குக்காட்டிக்கு எட்டாது. விரிவுரையாளரின் தடித்த புத்தகத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் எடுத்த படங்கள் இருந்தன. அதை விரித்துக் காட்டினேன். "இது இறைச்சியிலை இருக்கிறது. சுவர் நெருக்கி நெய்த சீலை மாதிரி. மெல்ல மெல்லத்தான் கசியும். இது சிறுநீரகத்திலை. அரிதட்டு மாதிரி முழுக்கத் துளை. தண்ணியும் உப்பும் போகும், ரத்தம் போகாது. இது ஈரல். இதுக்குச் சுவரெண்டு பேர்தான். மட்டை கழண்ட வேலி மாதிரிப் பெரிய பெரிய நீக்கல். ரத்தத்திலை இருக்கிற எல்லாம் நேரே ஈரல் கலத்திலை போய்த் தொடும்."

நானா நிமிர்ந்து பார்த்தார். "அதுதான்! ஈரலை எவ்வளவு கழுவினாலும் ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். இறைச்சி ரெண்டு தண்ணியிலை வெளுத்திடும். நான் ஈரலின்ரை குணம் எண்டெல்லோ நினைச்சன்."

"குணம்தான் நானா. சுவரின்ரை குணம்."

"அப்ப மூளை?"

"மூளையிலைதான் சுவர் எல்லாத்தையும் விட இறுக்கம். கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலை ஒரு நீக்கலும் இல்லை. கண்டதையும் உள்ளை விடாது. அது இன்னும் நான் செய்யேல்லை."

"நான் எடுத்துத் தாறன்" என்றார் உடனே.

அதுவரை வாய் திறவாத ராத்தா அப்போதுதான் கேட்டார். "இதெல்லாம் செத்ததெல்லோ தங்கச்சி. உயிரோடை இருக்கேக்கை எப்பிடி இருக்கும்?"

பழைய கைந்நூல் ஒன்றில் வாசித்தது ஞாபகம் வந்தது. நகத்தின் அடியில், தோல் மடிந்து நகத்தோடு சேரும் இடத்தில், குழாய்கள் தோலுக்கு மிக அருகே படுத்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தோல் கண்ணாடியாகிவிடும். மேலிருந்து நல்ல வெளிச்சம் வேண்டும். நான் அதைச் செய்து பார்த்ததில்லை. பார்ப்போமா என்று கேட்டேன்.

நானா கையை நீட்டினார். நகக்கண் எல்லாம் கத்தி பட்ட தழும்பு. தோல் தடித்துப்போயிருந்தது. ராத்தாவின் விரல்களில் மருதோன்றி. இடக்கை மோதிர விரலில் மட்டும் அது மங்கித் தோல் வெளியே தெரிந்தது. அந்த விரலைச் சிலைட் வைக்கும் தட்டில் வைக்கச் சொன்னேன். சீவும் இயந்திரத்துக்கு விடுகிற தையல் மெசின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். நானா முகம் பார்க்கும் என்னுடைய கைக்கண்ணாடியைப் பிடித்துச் சன்னல் வெயிலை அந்த விரலில் விழுத்தினார். வெயில் ஆடியது.

"கையை ஆட்டாதேங்கோ."

"நான் ஆட்டேல்லை. இவவின்ரை விரல்தான் துடிக்குது."

கொஞ்ச நேரம் சிவந்த புகை மட்டும் தெரிந்தது. நுணுக்குக்காட்டியின் திருகை மெதுவாக இறக்கினேன். திடீரென்று, ஒரு வரிசை. கொண்டை ஊசிகளை அருகருகே குத்தி வைத்தது மாதிரி, செக்கச்செவேலென்று சின்ன வளைவுகள். ஒவ்வொன்றும் மேலே வந்து, வளைந்து, கீழே போயிற்று. இன்னும் பெருப்பிக்கும் வில்லைக்கு மாற்றினேன். மூச்சை அடக்கச் சொன்னேன். அப்போது கண்டேன். ஊசிகளுக்குள் ஏதோ ஊர்ந்தது. மணல் மாதிரி, இடையிடையே வெளிறிய இடைவெளி விட்டு, ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கியது. நின்றது. திரும்பவும் ஓடியது.

எட்டு வருடமும் மெழுகில் உறைந்ததைத்தான் நான் இரத்தக் குழாய் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கண் கலங்கி, எல்லாம் திரும்பவும் சிவந்த புகையாகிவிட்டது. எழும்பி ராத்தாவை இருத்தினேன். தன்னுடைய விரலைத் தானே பார்க்க, வளைந்து நெளிந்து உட்கார வேண்டியிருந்தது. ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

"இஞ்சருங்கோ" என்று கணவரைக் கூப்பிட்டார். "ஓடுது. என்ரை ரத்தம் ஓடுது."

நானா கைக்கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தார். நான் வெயிலைப் பிடித்தேன். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. என் கை உளைந்தது. நிமிர்ந்தபோது மூக்குக் கண்ணாடியைப் போட மறந்து ராத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"இவவைக் கலியாணம் செய்து இருபத்தாறு வருசம். உது அப்பவும் ஓடிக்கொண்டுதானே இருந்திருக்கும்."

ராத்தா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எண்ணெயைத் துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்கவில்லை. அந்த விரலை மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அடுத்த கிழமைகளில் மூளைக்காகச் சொல்லி, மருந்து விட்ட போத்தல் ஒன்றையும் கொடுத்து வைத்தேன். எனக்கு வேறு வேலைகள் வந்தன, போகப் பிந்தியது. ஒக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாள், பத்து மணிக்குப் பிறகு, சோனகதெருப் பக்கமிருந்து வந்த ஒருவர் அங்கே எல்லாரையும் ஒரு மைதானத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். மத்தியானம் ஆகும்போதுதான் விசயம் விளங்கியது. முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அப்போது அங்கே ஆட்சி செலுத்திய, துவக்கு ஏந்திய தமிழ் இயக்கத்தார் சொல்லியிருந்தார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சந்திக்கு அப்பால் விடவில்லை. சந்தியில் சனம். பிள்ளைகளைத் தூக்கியபடி, கையில் ஒரு பை, சிலரிடம் அதுவும் இல்லை. நானாவை அவர் கண்ணாடியின் நூலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் ராத்தாவும், பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர்களுடைய மகளும். ராத்தாவின் காதில் தோடு இல்லை, கழற்றி வாங்கியிருந்தார்கள்.

துவக்குப் பிடித்து நின்றவர்கள் நான் கதைக்கும் பாஷையைத்தான் கதைத்தார்கள். நான் அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதை இன்றுவரை என்னால் வேறு மாதிரிச் சொல்ல முடியவில்லை. கேட்கவில்லை.

நானாதான் முதலில் கதைத்தார். "தங்கச்சி, கடைக்குப் பின்னாலை உங்கடை போத்தல் இருக்கு. மூளை. காலமை அறுத்த உடனை போட்டிட்டன். மெல்லிசா வெட்டித்தான் போட்டிருக்கிறன், மருந்து உள்ளை இறங்க."

ராத்தா சொன்னார்: "கோழி ரெண்டு கூட்டுக்குள்ளை. திறந்து விடுங்கோ."

லொறி ஒன்று வந்தது. அவர்கள் ஏறினார்கள். நானா மேலே நின்றுகொண்டு கீழே இருந்த ஒரு கிழவியைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

பின்னேரம் சந்தியில் காவல் இல்லை, தெருவிலும் ஒருவருமில்லை. கடையின் பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. போத்தல் அவர் சொன்ன இடத்தில் இருந்தது. மூடியை இறுக்கி, மேலே துணி கட்டியிருந்தார். கோழிக் கூட்டைத் திறந்தேன். இரண்டும் வெளியே வந்து, முற்றத்தில் ஒன்றும் நடக்காதது மாதிரிக் கிளறத் தொடங்கின.

அந்த மூளையில் செய்த சிலைட்டுகள்தான் அந்தப் பெட்டியிலேயே மிக வடிவாக வந்தவை. அவர் வெட்டியது அவ்வளவு சரியான தடிப்பு. கலங்களுக்கு இடையே நீண்டு கிளைத்துப் போகும் மயிர்த்துளைக்குழாய்களைப் பிள்ளைகள் தேடாமலே கண்டார்கள். ஒவ்வொரு நரம்புக் கலத்துக்கும் கூப்பிடு தூரத்தில் ஒரு குழாய் நின்றது. விரிவுரையாளர் முதல் சிலைட்டைப் பார்த்துவிட்டு, "ஆர் இதை வெட்டினது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பிச் சன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. புத்தளத்துப் பக்கமிருந்து யார் யாருடையவோ கைகளில் மாறி, மூலைகள் நைந்து வந்து சேர்ந்தது. மகளின் கையெழுத்து. நானா சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள்.

"தங்கச்சிக்கு, நாங்கள் சுகம். கிடுகுக் கொட்டிலில் இருக்கிறம். நான் இன்னொருவரின்ரை கடையிலை வெட்டுறன். ஒரு விசயம். இவவின்ரை ரத்தம் ஓடினதை நான் கண்ணாலை கண்டனான் எண்டு சொன்னால் இஞ்சை ஒருத்தரும் நம்பினமில்லை. வெட்டுக் காயம் இல்லாமல் ரத்தத்தை எப்பிடிப் பாக்கிறது எண்டு கேட்டுச் சிரிக்கினம். நீங்கள் உண்மை எண்டு ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தி அனுப்புங்கோ."

வாசித்துவிட்டுச் சிரித்தேன், அழுதேன். விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கடிதம் என்னத்துக்கு? எப்பிடிப் பாக்கிறதெண்டு எழுதி அனுப்பும். அவையளே பாக்கட்டும்" என்றார். எழுதினேன். பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி போதும், எண்ணெய் ஒரு சொட்டு, வெயில் மேலிருந்து விழ வேண்டும், மூச்சை அடக்க வேண்டும். கடைசியில் நானா கேட்ட முத்திரையையும் குத்தினோம்.

அடுத்த கடிதம் கெதியாக, இரண்டு மாதத்துக்குள்ளேயே வந்தது. அங்குள்ள பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர் நுணுக்குக்காட்டியை மரத்தடிக்குத் தூக்கி வந்தாராம். பிள்ளைகள் வரிசையில் நின்றார்களாம். பார்க்கக் குனிந்த ஒரு வயதான மனிதர் இருந்த இடத்தை விட்டு எழும்ப மறுத்துவிட்டாராம். சிரித்தவர்கள் எல்லாரும் விரல் நீட்டினார்களாம். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது.

"கொட்டிலில் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை, ஏழு வயது. பாத்திட்டு ஒண்டு கேட்டது. எனக்குப் பதில் தெரியேல்லை, வாத்தியாருக்கும் தெரியேல்லை. பெரிய குழாய்க்கு அவ்வளவு தடிச்ச சுவர் எண்டு நான் சொல்லியிருந்தன். அப்ப இவ்வளவு மெல்லிய சுவர் ஏன் வெடிக்கேல்லை?"

எனக்கும் தெரியவில்லை. ஒற்றைக் கலம். சவர்க்கார நுரை மாதிரி மெல்லிது. பிறந்த நாள் முதல் இரவும் பகலும் அதற்குள் இரத்தம் தள்ளிக்கொண்டு போகிறது. ஏன் வெடிக்கவில்லை? அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வந்ததே இல்லை.

கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது விரிவுரையாளர் ஒரு நீட்டுப் பலூனை அரைவாசிக்கு ஊதி என் கையில் தந்தார். "நடுவை அமத்தும். இப்ப நுனியை." நடு விறைப்பாக இருந்தது. ஊதுபடாத ஒடுங்கிய நுனி தொளதொளத்தது. "உள்ளுக்கு ஒரே காத்துத்தான், ஒரே அழுத்தம்தான். ஆனால் அகலமான இடத்திலைதான் சுவர் இழுபட்டு விறைக்குது. ஒடுங்கின இடத்திலை சுவருக்கு வேலை குறைவு. மயிர்த்துளைக்குழாய் அவ்வளவு ஒடுக்கமாய் இருக்கிறதாலைதான் அவ்வளவு மெல்லிய சுவர் தாங்குது. அதோடை, அதுக்கு முன்னாலை இருக்கிற சின்ன நாடிகளின்ரை தசை இறுக்கிப் பிடிச்சு, அழுத்தத்தைக் குறைச்சுத்தான் ரத்தத்தை உள்ளை விடுது."

பலூனின் நடுவையும் நுனியையும் திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்தேன். சின்னதாக இருப்பதே அதற்குப் பலம். அந்தச் சுவர் தடித்திருந்தால் சாப்பாடு வெளியே போகாது. மெல்லியதாக இருந்து அகலித்திருந்தால் வெடித்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில், உடம்பின் ஒவ்வொரு மூலையிலும், ஒருவர் கண்ணிலும் படாமல் அது நிற்கிறது.

அந்தப் பிள்ளைக்கு விளங்கும்படி எழுத எனக்கு மூன்று பக்கம் பிடித்தது. பலூன் ஒன்றையும் மடித்து உள்ளே வைத்தேன். நீ கேட்கும்வரை இது எனக்கும் தெரியாது என்று கடைசியில் எழுதினேன். கிளாலியில் படகேறிப் புத்தளம் பக்கம் போகும் ஒருவரிடம் உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.